மைக்குக்கும் வாய்க்கும் இரண்டு விரற்கடை

போன மாதம் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. அதில் நான் அறிவிப்பாளன் என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பாட வராது, பேச்சை நிறுத்த வராது. வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

குழுவில் நல்ல மைக் ஒன்றே ஒன்று. நான் பேசி முடித்ததும் அதே மைக்கில் ஸ்டெல்லா டீச்சர் பாடுவார். மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த மெல்லிய குரல். மேடையோ இரண்டு கட்டில் போடுகிற அகலம். டீச்சரின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் முருகையாவின் டிரம்ஸ். குழுத் தலைவரும் அவரே – கொஞ்சம் மெதுவாக அடியும் என்று யார் சொல்வது?

அன்றைக்கு டீச்சர் பாடியது முன்வரிசைக்கே கேட்கவில்லை. பந்தியிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ள வாய அசைக்கு... பாட்டு எங்க வே போகுது?"

முருகையா கறாராகச் சொல்லிவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம். வாசுதேவநல்லூர் கச்சேரியிலயும் இப்படின்னா, பொம்பளக் குரல்ல பாடுத ஆள் ஒருத்தன் இருக்கான். அவனக் கூட்டியாந்துருவேன்."

டீச்சர் காதிலும் அது விழுந்தது. பாட்டு நோட்டைப் பைக்குள் வைத்தார். வாரமெல்லாம் வாய்ப்பாடு சொல்லித் தருகிறவருக்குத் தனக்கென்று இருந்தது அந்த நோட்டு மட்டும்தான்...

மறுநாளே மைக் செட் காதர் பாய் கடையில் நின்றேன். மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்த மைக்கை எடுத்துக் காட்டினார். மூன்றடி தள்ளிப் பேசினாலும் இழுத்தது. சுவர்க் கடிகாரம் நடப்பதுகூடக் கேட்டது. இதுதான் மைக் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒத்திகைக்குக் காதர் பாயே வந்து அதை வைத்தார். முருகையா குச்சியைத் தொட்டாரோ இல்லையோ, டிரம்ஸ், ஃபேன், தெருவில் போன பஸ் எல்லாம் உள்ளே போயின. டீச்சர் குரல் மட்டும் போகவில்லை. அப்புறம் ஸ்பீக்கர் ஊளையிட்டது.

"கடையில வச்சுக் கேட்டா எல்லா மைக்கும் குயிலுதான் அண்ணாச்சி," என்றார் காதர் பாய். "மேடைக்கு எல்லாத்தையும் கேக்குத காது ஆவாது. முன்னால ஒட்டி நிக்கவுக சொல்லுதத மட்டும் கேக்கணும். முதுகுப் பக்கம் ஸ்பீக்கர் சத்தத்துக்குச் செவிடா இருக்கணும். உங்க பழசு அப்படிப்பட்டதுதான். டீச்சர், நீங்க ரெண்டு விரக்கடை தூரத்துக்கு வரணும்மா."

பழைய மைக்கைப் பிடித்தோம். டீச்சர் நெருங்கினார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு முழம் பின்னால் போய்விட்டார்.

"கிட்ட வாங்கம்மா."

"இல்ல பாய்... இது போதும்."

காதர் பாய் மைக்கை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களே மோந்து பாருங்க."

மோந்தேன். வெற்றிலை, புகையிலை, அதற்கு மேல் மூன்று வருஷத்து எச்சில். தன் வாய் நாற்றம் தனக்குத் தெரியாது என்பார்களே – மைக் வலைக்குள் இருந்ததால் தெரிந்தது.

"அடப்பாவி மனுசா," என்று முருகையா குச்சியைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ளையவா நான் வஞ்சுக்கிட்டிருந்தேன்?"

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டீச்சர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லா மேடையிலயும் என் பேரச் சொல்லிக் கைதட்டச் சொல்லுதது நீங்கதான அண்ணாச்சி. உங்ககிட்டப் போயி எப்படிச் சொல்ல?"

பாடுகிற வாய்ப்பே போனாலும் பரவாயில்லை, என் முகம் வாடக் கூடாது... இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் பாருங்கள்.

காதர் பாய் வலையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தார். போன சனிக்கிழமை வாசுதேவநல்லூரில் டீச்சர் இரண்டு விரற்கடை தூரத்தில் நின்று பாடினார். இரண்டு டிரம்ஸ் அடிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பதுகூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. இன்னொன்றும் நடந்தது – முருகையா மெதுவாக அடித்தார்.

எனக்கு? சவுதி மைக். நான் பேசும்போது டிரம்ஸ் கிடையாது; ஸ்பீக்கர் சத்தத்தையும் குறைத்து வைப்பதால் ஊளை இல்லை. மூன்றடி தள்ளி நின்றுதான் பேசுகிறேன். புகையிலையையும் விடப் பார்க்கிறேன்.

முருகையா சொன்ன பழமொழியில் பாதி சரி. கூடம் கோணல்தான். அந்தக் கூடம்... நான்.