வலைக்குள் வெடித்த அலரிக்காய்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வாடகை அறை வாசலில் ஒரு ஈழத்தலரி மரம். அதில் மாட்டுக்கொம்பு போல ஓர் இரட்டைக்காய். விதை பறந்துவிடக் கூடாதென்று, கம்பெனியில் தலைக்குப் போடும் வலையை அதன்மேல் கட்டியவள் என் அறைத்தோழி முத்துச்செல்வி.

காய் முற்ற மாதக்கணக்காகும். அதற்குள் அவளுக்குக் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது.

போன வாரம் அவள் சொந்த ஊரான தென்காசிக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அக்கா சொன்னார்: "ஒரு கெளைய ஒடிச்சி எத்துகினு போயேம்மா. நட்டா வந்துரும்."

"கிளைய நட்டா இதே வெள்ளைதான்க்கா பூக்கும். வெதை போட்டா என்ன நெறம் வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். வெறுங்கையோடுதான் போனாள்.

இன்று ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், காய் கறுத்து வெடித்திருக்கிறது. வலை நிறைய, மெல்லிய இறகு வைத்த விதைகள்.

வீடியோ காலில் காட்டினேன். அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"ஏட்டி, ஒண்ண மட்டும் ஊதி விடு."

ஊதினேன். அது சுழன்று சுழன்று மதிலைத் தாண்டி, புது கார்களை ஏற்றிக்கொண்டு நின்ற லாரியின்மேல் போய் உட்கார்ந்தது. எந்த ஊர் லாரியோ!

மீதியைக் கூரியரில் அனுப்புகிறேன். பூக்கச் சில வருஷங்கள் ஆகுமாம். மஞ்சள்தான் என்கிறேன் நான். ரோஸ் என்கிறாள் அவள்.

நீங்கள் யார் கட்சி?