தமிழில் வாசித்துக் காட்டினேன் என்று சொன்னவள்

கோர்ட் அமீனா வந்து எங்கள் வீட்டுக் கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கதவில் தெலுங்கு. பசைகூடச் சரியாகக் காயவில்லை. எதிர்வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "உள்ள போய்ப் பேசலாம் டீச்சர். வாசல்ல வச்சு சொல்ற விஷயம் இல்ல" என்றார்.

சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெலுங்கு சரளமாகப் பேசுவேன், ஆனால் எழுத்து தெரியாது. நான் படித்ததும் பிறகு பாடம் சொல்லிக் கொடுத்ததும் மிஷன் பள்ளிக்கூடத்தின் தமிழ் வகுப்புகளில். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான என் தங்கை தெலுங்கில் படித்து சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனவள். கல்யாணமாகித் திருப்பதிக்குப் போகும்வரை, வீட்டுக்கு வரும் தெலுங்குக் காகிதங்களை எல்லாம் எனக்குப் படித்துச் சொன்னது அவள்தான்.

எதிர்வீட்டுக்காரர் சொன்னது இதுதான். திருப்பதியில் அச்சாபீஸ் வைத்திருந்த என் அண்ணன் ஒரு மில்காரரிடம் கடன் வாங்கியிருக்கிறான். அதற்கு என் வீடு அடமானம். கடன் அடையவில்லை. வீட்டை ஏலத்தில் விட்டு வசூலித்துத் தரும்படி கடன் கொடுத்தவர் பிராது போட்டிருக்கிறார். முதல் பிரதிவாதி அண்ணன், இரண்டாவது நான். வாய்தாவுக்கு ஐந்து வாரம் இருந்தது.

வீடு அப்பா கட்டியது. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு கிணறு, அவ்வளவுதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன் என்பதால் வீட்டை என் பேருக்கு எழுதிவைத்தார். அண்ணன் அப்போது ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரர் போன பிறகுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு, தங்கை கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணன் வந்தான். "வீட்டு வரி இன்னும் நைனா பேர்லயே வந்துக்கினு இருக்குது. உன் பேருக்கு மாத்தணும். ரிஜிஸ்டர் ஆபீசுல ஒரு கையெழுத்து போட்டா ஆச்சு" என்றான். மூன்று பேரும் போனோம். தாள்களை என் முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற தங்கையிடம், "இதுல இன்னா எழுதியிருக்குது, பாரு" என்றேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். "வரி மாத்தறதுதான்க்கா, போடு" என்றாள். போட்டேன். வெளியே வந்ததும் அண்ணன் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். தங்கை பாதியை அப்படியே வைத்துவிட்டாள். கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நம்பினேன். அவளும் சின்னப் பெண், அவசரத்தில் சரியாகப் படித்திருக்கமாட்டாள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். 'மனசைத் தளரவிடாதே, நாம் இரண்டு பேரும் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு வயதான வக்கீல் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். "படிச்ச பொம்பளை, படிக்காம கையெழுத்து போட்டேன்னு சொன்னா ஜட்ஜு நம்பணும் இல்லம்மா. மொதல்ல பத்திரத்தோட நகல் எடுத்துக்கினு வாங்க" என்றார். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நடந்து நகல் வாங்கினேன். அவர் மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்தம்மா யாரு?"

சாட்சிக் கையெழுத்துகள் இரண்டு. ஒன்று பத்திரம் எழுதியவருடையது. மற்றது இங்கிலீஷில் இருந்தது. அந்தக் கையெழுத்தின் வாலை எனக்குத் தெரியும்.

"என் தங்கச்சி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு, கையெழுத்துக்கு மேலே இருந்ததைப் படித்தார். பத்திரத்தில் உள்ளதை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டினேன், அடமானம் கொடுப்பவர் புரிந்துகொண்டு சம்மதித்தார். அதற்கு இந்தக் கையெழுத்து. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். அதேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயில் ஆராதனைக்குப் போகாமல் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத் தலைகள் தெரு நிறைய இருந்தன. தங்கை வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

"அன்னிக்கு அதைப் படிச்சியா நீ?"

"படிச்சேன்."

"அடமானம்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

பிறகு அவளாகவே சொன்னாள். "அண்ணன் ஒரு வருசத்துல மீட்டுடறேன்னு சொன்னான். உனக்குத் தெரிஞ்சா நீ கையெழுத்து போடமாட்டேன்னான். என் கல்யாணச் செலவும் அதுலருந்துதான்."

அந்தக் கல்யாணத்தை அண்ணன் தன் அச்சாபீஸ் வருமானத்தில் நடத்தினான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தேன். "உன் கல்யாணத்துக்குன்னு கேட்டிருந்தா தெரிஞ்சே போட்டிருப்பேனே" என்றேன்.

"எனக்குப் போட்டிருப்பே. அவனுக்குப் போட்டிருக்கமாட்டே."

அது உண்மைதான்.

கோர்ட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "சர்க்கார் வேலைல இருந்துக்கினு பொய்யா சாட்சி போட்டேன்னு நானே சொன்னா வேலை போயிடும். இவரும் வேலையில்லாம இருக்கார். நான் வரமாட்டேன்க்கா. ஆனா கடன் குடுத்தவங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன். நீ என்னைப் பத்தி இன்னா வேணா சொல்லிக்க."

திரும்பும்போது பஸ்ஸில், அவர்கள் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலிடம் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. பத்திரம் எழுதியவர் முந்தின வருடமே இறந்துபோயிருந்தார். பத்திரத்தை நிரூபிக்க மிச்சமிருந்த ஒரே சாட்சி என் தங்கைதான். "அவங்க வரலேன்னா அந்தப் பக்கம் திண்டாடும்" என்றார். அதிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் அவர் அறைக்குப் போனேன். நைனாவின் உயில், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் அடுக்கினோம். குமாஸ்தா எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி எழுந்து நின்று என்னை மடக்கிக் கேள்வி கேட்பார். "தெலுங்கு படிக்கத் தெரியாதுன்னா, கையெழுத்து போடறதுக்கு முன்னால யாரையும் கேட்கலையா நீங்க?" "கேட்டேன்." "யாரை?" அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மேசையில் இருக்கும் ரசீதுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்துவிடுவேன். "தங்கச்சியைன்னு சட்டுனு சொல்லணும்மா. தயங்கினா பொய்யின்னு நினைப்பாங்க" என்பார் குமாஸ்தா. வீட்டில் தனியாகச் சமைக்கும்போதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய்தா அன்று அண்ணன் வரவில்லை. வருவான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கோர்ட் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கோடியில், கணவரோடு, என் தங்கை உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போகும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

கூண்டில் ஏறித் தெலுங்கில் சொன்னாள். பத்திரத்தை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன், அக்கா புரிந்துகொண்டுதான் போட்டார். வரி மாற்றுவது என்று நீங்கள் சொல்லவில்லையா என்று என் வக்கீல் கேட்டார். "லேது" என்றாள். அதை எனக்கு யாரும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு நான் ஏறினேன். யாரைக் கேட்டீர்கள் என்று கேட்டபோது தயங்காமல் சொன்னேன். ஜட்ஜ் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் தீர்ப்பு அவர்கள் பக்கம். பணம் கட்ட ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் சம்பளத்தில் ஆகிற காரியம் இல்லை. வீடு ஏலம் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அண்ணன் அச்சாபீசை மூடிவிட்டு எந்த ஊருக்கோ போனான்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை தங்கை அந்த அறைக்கு வந்தாள். சோறு போட்டேன். தலையைக் குனிந்து சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "சாட்சி சொன்னா இவருக்கு அவங்க மில்லுல வேலை போட்டுத் தர்றேன்னாங்க அக்கா" என்றாள்.

"போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நல்லது" என்றேன். நான்கு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை போகவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்குத் திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டும்வரை ஒரு நோட்டுகூடத் திருத்தவில்லை.