கரை வைத்த பாசி வலை

பல் துலக்குவதற்கு முன்னால் பாறை துலக்குகிறார் பஞ்சாட்சரம். காலை ஐந்தரைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோள்வரை கையைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்க்கிறார். எடுத்த பாசியைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து எதிர்வீட்டுக்காரனான எனக்கும் காட்டுகிறார். நான் காப்பி குடித்துக்கொண்டிருப்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

காஞ்சிபுரத்தில் முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். தறி இருக்கும் கூடத்திலேயே மூன்றடி நீளத்துக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே இரண்டு ஆரஞ்சு நிற மீன், ஒரு இறால், ஒரு பவளம். மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை, உயிருள்ளது. கல்லில் ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஊதாவுமாக முப்பது பூ விரியும். கடல் பார்க்க ஆசையென்றால் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறவேண்டியதுதானே என்று கேட்டேன். "அங்க அலைதான் சார் இருக்குது. இது இருக்குதா?" என்று பொத்தான்களைக் காட்டினார்.

போன மாதம் அந்தப் பொத்தான்கள் திடீரென்று விரியாமல் நின்றுவிட்டன. மேலே பாசி ஏறிவிட்டது. பவளம் செத்தால் தொட்டியை விற்றுவிடுவதாக மனைவி தையல்நாயகிக்கு எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை. அந்த இடத்தில் வைக்க ஒரு கிரைண்டரைக்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

வளர்ப்பு மீன் விற்கும் கிறிஸ்டோபர் மூன்று வழி சொன்னாராம். மூன்றுமே பாசியை வளர்க்கும் வழிகள். தண்ணீரிலுள்ள சத்தை ஓரிடத்தில் வளரும் பாசி தின்று தீர்த்துவிட்டால், பாறையிலிருக்கும் பாசி பட்டினி கிடந்து சாகும். பாசியை ஒழிக்கப் பாசி வளர்ப்பதா என்று தையல்நாயகி சிரித்த சிரிப்பு என் வீடுவரை கேட்டது.

முதல் வழி, பக்கத்தில் இன்னொரு தொட்டி வைத்து அதில் சுருள் பாசி வளர்ப்பது. கூடத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் தறிக்குழி. அங்கே தொட்டியை வைத்தால் காலை எங்கே வைப்பது? இரண்டாவது, விளக்குப் பொருத்திய குழாய்க்குள் பாசியை அடைத்து வளர்ப்பது. மூடி வைத்த எதையும் பஞ்சாட்சரம் நம்ப மாட்டார். மூன்றாவது, சொரசொரப்பான வலையைத் தொங்கவிட்டு, அதன்மேல் தண்ணீரை வழியவிட்டு விளக்கடிப்பது. பாசி வலையில் பிடிக்கும், வாரத்துக்கு ஒருமுறை சுரண்டி எறியலாம். நான்கு நாள் யோசித்தார். கல்யாணப் புடவை பார்க்க வந்த ஒரு குடும்பத்தை உட்காரவைத்து அவர்களிடமும் அபிப்பிராயம் கேட்டார். பெண்ணின் அப்பா வலைக்கு ஓட்டுப் போட்டார்.

கிறிஸ்டோபர் பிளாஸ்டிக் வலையை நீட்டியபோது இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நெய்யறவன்பா. எனக்கே வலை விக்கிறியா?" என்று திரும்பி வந்து, மரச்சட்டத்தில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, இரண்டே நாளில் ஒரு முழ வலையை நெய்து முடித்தார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். செம்பு பட்டால் பவளமும் இறாலும் செத்துவிடும் என்று தெரிந்த நாள்முதல் அந்த வீட்டுச் செம்புப் பாத்திரமெல்லாம் பரணில் கிடக்கிறது. என் விரலிலுள்ள செம்பு மோதிரத்தை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அப்பேர்ப்பட்ட ஆசாமி.

ராகுகாலம் கழித்து வலையை மாட்டினார். தண்ணீர் வழிந்தது, விளக்கு எரிந்தது. வலையின் இரண்டு பக்கமும் கோபுரம் கோபுரமாக ஜரிகைக் கரை மின்னியது. பாசி பிடிக்கப்போகிற வலைக்குக் கரை எதற்கு என்றேன். கரை இல்லாமல் நெய்தால் கை கூசுமாம். கூட்டம் இல்லாத குறைதான், மனிதர் அப்படிப் பூரித்து நின்றார்.

காப்பி கொண்டுவந்த தையல்நாயகி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு வலையையே பார்த்தார்.

"ஏங்க, இது எந்த ஜரிகை?"

"மிச்சம் கெடந்துதே, அந்த மட்ட ஜரிகை."

"அதுக்குள்ள செம்புக் கம்பிதானே இருக்குது?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் கிரைண்டர் வீட்டுக்கு வந்திருக்கும். அதை அந்த அம்மாள் யோசித்ததாகவே தெரியவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பஞ்சாட்சரம் வலையைப் பிடுங்கிய வேகத்தில் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக உப்புக் கரைத்து ஊற்றினோம். நானும் வாளி தூக்கினேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. அன்று முழுக்க அவர் தறியில் உட்காரவில்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "நானே விஷம் வெச்சிட்டேனே சார்," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேலி செய்யத்தான் போனேன், கூடத்து ஈரத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஜரிகை இல்லாமல் வேறொரு வலை நெய்தார். கை தானாக மூன்று முறை ஜரிகை உருண்டைக்குப் போனது. மூன்று முறையும் தையல்நாயகி தட்டிவிட்டார். அந்த வலையில் பாசி பிடிக்கப் பத்து நாளானது. பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பொத்தான் விரிந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு.

செய்தி கேட்டுப் போய்ப் பார்த்தேன். பழைய வலையிலிருந்து வெட்டியெடுத்த ஜரிகைக் கரையைத் தொட்டியின் வெளிக்கண்ணாடியில், மேல் விளிம்பையொட்டி, பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்து, நாலடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, முழுவதையும் உரித்தெடுத்து, தண்ணீர் தெறித்தாலும் எட்டாதபடி ஒரு சாண் கீழே இறக்கி ஒட்டினார்.