பலகையில் பெயர் உள்ளவர்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு நம்பிக்கைக்காரரை நான் பார்த்ததில்லை. இன்னொருவரைப் பார்க்கும் ஆசையும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போதும்.

அத்தான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் ஹெட் வெயிட்டர். அதே உணவகத்தின் சமையலறையில் நான் முட்டை அடித்துக் கிரீம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான், மறந்துவிடாதபடி அவ்வப்போது சொல்லியும் காட்டுவார். வாசல் பலகையில் இருந்தது டிவியில் சமைத்துக் காட்டும் ஒரு பிரபலத்தின் பெயர். பலகையோடு விட்டார்களா? தட்டு, கரண்டிக் காம்பு, கை துடைக்கும் துணி, கழிவறைச் சோப்பு வரைக்கும் அந்தக் கையெழுத்துதான். நாங்களெல்லாம் அவரைப் பெரிய தொப்பி என்போம். அத்தான் மட்டும் ‘முதலாளி’ என்பார். சொல்லும்போதே முதுகு நிமிரும்.

ஒரு காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் எங்களுக்குக் கிளை இருந்தது. அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கடற்கரைக் கிளையை மூடினார்கள். அங்கே காற்று ஜாஸ்தி, மேசை விரிப்பு நிற்காது என்றார் அத்தான். ரயில் நிலையக் கிளையை மூடினார்கள். வண்டி பிடிக்க ஓடுகிறவன் உட்கார்ந்து சூப் குடிப்பானா என்றார். கடைசியில் எங்கள் கிளை ஒன்றுதான் மிஞ்சியது. நல்லதாகப் பார்த்து ஒன்றை முதலாளி தனக்கென்று வைத்துக்கொண்டார் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

சம்பளச் சீட்டின் தலைப்பில் இருந்தது என்னவோ ஒரு டயர் கம்பெனியின் பெயர். அடுத்த வருடம் அதுவும் மாறி, வாயில் நுழையாத வேறொன்று வந்தது. அதை அத்தான் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

“அதெல்லாம் கணக்குப் பாக்கறவங்க வெச்சுக்கற பேரு,” என்றார். “பலகையில யாரு பேரு இருக்கோ அவருதான் முதலாளி. இதுகூடத் தெரியாதா உனக்கு?”

தெரியவில்லைதான்.

ஆனால் பரிமாறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சண்டை போட்டுவிட்டு வந்த கணவன் மனைவிக்கு மெனு அட்டை ஒன்றுதான் கொடுப்பார். ஒரே அட்டையை இரண்டு பேரும் எவ்வளவு நேரம் முறைத்தபடியே படிக்க முடியும்? வீட்டில் எங்களைப் பரிமாற விடமாட்டார். அகப்பையை அக்கா தொட்டால் கோபம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி கேண்டீன் மேனேஜர் எங்களைத் தேடி வந்தார். அவர்களுக்குச் சமையலறைக்கு ஆள் தேவை. உங்கள் கடை எத்தனை நாள் ஓடுமோ, மொத்தமாக வந்துவிடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். எங்களுக்குச் சபலம் தட்டியது. அத்தான் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். முதலாளி கைவிடமாட்டார், அதற்குத் தான் பொறுப்பு என்றார். ஒருவரும் போகவில்லை. சாஸ் காய்ச்சும் அம்மாளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர், சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அவளும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய தொப்பியே நேரில் வந்தார். ஏதோ விளம்பரத்துக்காக எங்கள் அடுப்பின் முன்னால் நின்று, காலிச் சட்டியைக் கிளறிச் சிரித்தார். கேமராக்காரர்கள் போனதும் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்துவிட்டார். அத்தான் காபி கொண்டுபோனார். நான் பக்கத்து அலமாரியில் தட்டு எடுக்கிற சாக்கில் நின்றேன்.

“நீங்க வந்ததே போதுங்க முதலாளி. பசங்க பயந்துபோயிருக்காங்க. கடை நிக்கும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...” என்றார் அத்தான்.

பெரிய தொப்பி திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“முதலாளியா? நானா?” என்றார். “கடைய வித்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க. பேரையும் சேத்துத்தான் வித்தேன். இப்ப என் பேர்ல நானே ஒரு கடை போட முடியாது, கேஸ் போடுவாங்க. வந்து சிரிச்சுட்டுப் போறதுக்குச் சம்பளம். உங்கள மாதிரிதான் நானும்.”

“அப்ப இந்தக் கடை?”

“மாசக் கடைசியோட மூடறாங்களாமே. உங்களுக்குச் சொல்லலையா?”

சர்க்கரை போதுமா என்று அத்தான் கேட்டார். போதும் என்றார் அவர்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த தட்டை அத்தான் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அவர் நேராகச் சமையலறைக்குள் போய், எல்லோர் முன்னாலும், ஒரு வார்த்தையை விழுங்காமல் அப்படியே சொன்னார். அவர் முதலாளி இல்லை, நான் நம்பினது தப்பு, உங்களையும் நம்ப வைத்தது அதைவிடத் தப்பு என்றார்.

சாஸ் அம்மாள் அடுப்பைத் தணித்தாள்.

“முதலாளிய யாருங்க நம்புனா?” என்றாள். “நீங்க சொன்னீங்கன்னு இருந்தோம்.”

அத்தானுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் திட்டினாளா, பெருமையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அத்தான் கழுத்து டையைக்கூடக் கழற்றாமல், அப்போதே எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கேண்டீன் மேனேஜரிடம் ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்தி, இவர் கை இப்படி, இவள் பக்குவம் அப்படி என்று அவரே பேசினார். என்னைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு, அது யாரோ என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஒருவர் விடாமல் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே கேட்டாள். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்றார் அத்தான்.

“உங்களுக்கு?”

“எனக்கு அங்க வேலை இல்ல,” என்றார். “அங்க யாரும் பரிமாறறது இல்ல. அவங்கவங்களே தட்டுல எடுத்துக்கறாங்க.”

அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தட்டைப் போட்டு, அகப்பையைத் தானே எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டார், அப்புறம் அழுதார்.