பேட்ச் இறங்கிய நாள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் நடத்தும் மருந்துக் கடையில் பேட்ச் என்பது ஓர் எண். மாத்திரை அட்டையின் பின்புறம், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எப்போதாவது கம்பெனியிலிருந்து தகவல் வரும், இந்த பேட்ச்சைத் திருப்பி அனுப்புங்கள் என்று. அலமாரியிலிருந்து அத்தனை அட்டையையும் எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டிவிடுவேன். அதில் எந்த மாத்திரை நல்லது, எது கெட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

என் கணவர் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். அவருக்கு பேட்ச் என்றால் ஒரு தொட்டி நூல். அதே பொடி, அதே அளவு, அதே ஆள். ஆனாலும் இந்த பேட்ச் சிவப்பும் அடுத்த பேட்ச் சிவப்பும் ஒன்றாக வராது என்பார். இரண்டும் ஒரே சேலையில் கலந்துவிட்டால், நெய்து முடித்து வெயிலில் விரிக்கும்போதுதான் கோடு தெரியுமாம்.

அவருடைய அண்ணன் மனைவி நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுவேன், என் மகள் பெரியம்மா என்பாள். அக்காவுக்குக் காலண்டரே பேட்ச்தான். குஞ்சு வந்து இறங்கியதிலிருந்து கிழக்கோழியாக விற்றுப் போகும்வரை ஒரு பேட்ச். "உங்க மாமனுக்கு நெஞ்சு வலி வந்தது எப்ப தெரியுமா? மேக்கால ஷெட்டு பேட்ச்சு முட்டைக்கு வந்த நேரம்" என்பார், தன் கணவரைப் பற்றி. அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவன் வெளிநாட்டில், ஒருவன் சென்னையில். பெண் குழந்தை இல்லாத வீடு. அதனாலேயே என் மகளைப் பார்த்தால் அள்ளி மடியில் போட்டுக்கொள்வார். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு அது பிடித்ததில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

என் மகளைப் போன வருடம் ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு விடுதியில் சேர்த்தோம். டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதப் பயிற்சி. அங்கேயும் பேட்ச்தான். வாராவாரம் தேர்வு, தேர்வு முடிந்தால் புதுப் பட்டியல். முதல் பேட்ச்சுக்குக் கழுத்தில் ஊதாக் கயிறு, அடுத்ததற்குப் பச்சை, கடைசிக்கு மஞ்சள். பேட்ச் மாறினால் அறை மாறும், சாப்பாட்டு மேசையும் மாறும். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாடி இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் பேச விடுவார்கள். எந்த பேட்ச்சில் இருக்கிறாய் என்றுதான் ஆரம்பிப்பேன். எனக்கும் காரணம் இருந்தது. மருந்தியல் படித்தபோது எங்களோடு இருந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'நம்ம பேட்ச்' என்று பெயர். காலை வணக்கம் போய் இப்போதெல்லாம் பிள்ளைகளின் படம்தான் வருகிறது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய பிள்ளைகள். பரீட்சைக்கு என்னைப் பார்த்து எழுதியவளின் மகள் வெள்ளைக் கோட்டில் நிற்கிறாள். கைதட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு, கடையில் வந்தவரிடம் எரிந்து விழுவேன்.

மாதம் ஒருமுறை சனிக்கிழமை வீட்டுக்கு வர அனுமதி உண்டு. போன சனிக்கிழமை சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மதியம் தாண்டியும் அவள் வரவில்லை. விடுதிக்குப் பேசினால், "காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டாங்களே மேடம்" என்றார்கள். அவளிடம் போனும் கிடையாது. என் கணவர் புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். செய்தித்தாளில் படித்தவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இன்றும் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

வெயில் சாய்ந்த பிறகு அக்கா பேசினார்.

"கண்ணு, பதறாத. புள்ள இங்கதான் இருக்கறா."

தெய்வங்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொன்று உள்ளே ஏறியது.

அந்த விடுதி வாசலிலேயே சேலம் பஸ் நிற்கும். நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகவேண்டும். லாரிகள் வரிசையாக வரும் சாலை. என் மகளுக்குச் சாலை கடக்கவே பயம். இன்னமும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அவள் தனியாகக் கடந்திருக்கிறாள்.

"நான் இப்பவே கிளம்பி வரேங்க்கா."

"இப்ப வராத சாமி. தூங்கறா. ரெண்டு நாளு உடு. நானே சொல்றேன்."

என் மகளைப் பார்க்க நான் எப்போது வரவேண்டும் என்று அவர் சொல்வார். "சரிங்க்கா" என்றேன். என் கணவரும் அதையே சொன்னார், "அண்ணி பாத்துக்குவாங்க விடு." அவர் சொன்னதால் கோபம் இரட்டிப்பானது.

அதன்பிறகு அக்காவிடமிருந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கின. புள்ள நல்லா சாப்புட்டா. புள்ள சிரிச்சா. உங்க மாமங்கூடத் தாயம் ஆடறா. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டேன், முதல் முறை மகளுக்காக, இரண்டாம் முறை அந்தக் குரலில் பெருமை இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. பிறகு ஒரு படம் வந்தது. மகள் உள்ளங்கையில் அப்போதுதான் எடுத்த ஒரு முட்டை. நான் முட்டையைப் பார்க்கவில்லை. அவள் தலையைப் பார்த்தேன். எண்ணெய் வைத்து வகிடெடுத்து இரட்டைப் பின்னல். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவள் தலையில் எண்ணெய் வைக்க என்னை விட்டதே இல்லை.

புதன்கிழமை யாரையும் கேட்காமல் கிளம்பினேன். என் கடைக்கு வழக்கமாக வரும் வாழப்பாடிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து ஒரு நாட்டுக்கோழி வாங்கியிருந்தேன். நான் வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு என்றால் என் மகள் சட்டியை வழிப்பாள். அக்காவால் எதை வேண்டுமானாலும் செய்ய முடியும், அந்தக் குழம்பை வைக்க முடியாது. அவருக்குச் சமையல் கை கிடையாது. இதை அவர் மகன்களே சொல்வார்கள். காலைக் கட்டி, கட்டைப் பையில் தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "கோழிக்கு டிக்கெட் வேணாங்க. கூவுச்சுன்னா மட்டும் ரெண்டு பேத்தையும் எறக்கி உட்ருவேன்."

"பெட்டைங்க. கூவாது" என்றேன். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

பண்ணை கேட் பூட்டியிருந்தது. அதன் முன்னால் கரும் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர் தேங்கிய பள்ளம். வண்டிச் சக்கரமானாலும் மனிதக் காலானாலும் அதில் நனையாமல் உள்ளே போகமுடியாது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளிருந்து அக்காவின் குரல் வெடித்தது.

"அக்கட்டால போ! அக்கட்டால போ கண்ணு! பையில என்ன அது?"

"கோழிங்க்கா. நாட்டுக்கோழி. புள்ளைக்கு..."

"அடக் கொடுமையே! மருந்துக் கடை வெச்சிருக்கற, உனக்குத் தெரியாதா? காலைலதான் குஞ்சு பேட்ச்சு எறங்கியிருக்குது. வெளிக்கோழி ஒன்னு மூச்சு உட்டாப் போதும், அத்தனையும் போயிரும். வேலைக்கு வர்றவிய ஊட்டுல ஒரு கோழி கூட வளக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கறேன். நீ தூக்கிட்டு வந்து கேட்டுல நிக்கற!"

தெரியும். இருபது வருடமாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன். மாமனார் காரியத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கோழியைக்கூட மூன்று மைல் தள்ளிக் கட்டச் சொன்ன பண்ணை இது. அன்று என் தலையில் குழம்பு மட்டும்தான் இருந்தது.

குஞ்சு ஷெட்டின் கதவு திறந்தது. முகத்தில் துணி கட்டிய ஓர் உருவம் எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்த விதத்தை வைத்துத்தான் என் மகள் என்று தெரிந்துகொண்டேன்.

"அம்மா! கோழிப்பண்ணைக்குக் கோழி கொண்டாந்தியா?"

துணிக்குள் அவள் சிரிப்பது தோளில் தெரிந்தது. எத்தனை மாதம் ஆகிவிட்டது அந்தக் குலுங்கலைப் பார்த்து.

"வெளிய வா கண்ணு, பாக்கணும்."

"வெளிய போனா இன்னைக்கு மறுபடி ஷெட்டுக்குள்ள போக முடியாதும்மா. இப்பத்தான் வெல்லத்தண்ணி வெச்சுட்டு இருக்கேன். நெறைய குஞ்சுக்கு மூக்கைத் தொட்டுக் காட்டுனாத்தான் குடிக்கத் தெரியுது."

அக்கா என்னைப் பார்க்கவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. கேட்டின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வருவாளா மாட்டாளா என்பது அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது என்று தோன்றியது. நான் கோழிப் பையோடு சாலையோரம் நின்றேன். வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த இடத்தைவிட்டு எப்படித் திரும்பியிருப்பேன் என்று தெரியவில்லை.

மகள் துணியை அவிழ்த்தாள். "பெரியம்மா, அந்த மூலைப் பெட்டி மட்டும் பாக்கி. நீங்க காட்டிருங்க" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

எதிரில் ஒரு டீக்கடை. கோழியை அங்கே கொடுத்தேன். சமைக்காத கறியைக்கூடப் பண்ணை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அக்கா கேட்டிலிருந்தே கத்திவிட்டதால், டீக்கடை அம்மாவின் பின்புற அடுப்பிலேயே குழம்பு வைப்பது என்று ஆயிற்று. அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "எங்கடைலயும் ஒரு நாளைக்குக் கறி மணக்கட்டும்" என்றார்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். இரட்டைப் பின்னல் அப்படியே இருந்தது. கழுத்தில் கயிறு இல்லை.

"மஞ்சக் கயிறு குடுத்துட்டாங்கம்மா" என்றாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. "போன மாசம் பச்சை. இந்த மாசம் மஞ்சள். சாப்பாட்டு மேசைல ஊதாக் கயிறுப் புள்ளைங்க தட்டைத் தள்ளி வெச்சுக்குவாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவே. அப்பா பேசாம இருப்பாரு. அது அழறதவிட மோசம்."

"பெரியம்மாகிட்ட மட்டும் சொன்னே."

"சொன்னேன். 'அப்பிடியா, சேரி, தோசை திங்கறியா'ன்னாங்க." கண்ணைத் துடைத்தாள், வெங்காயம்தானா என்று தெரியவில்லை. "அவங்களுக்கு மஞ்சக் கயிறுன்னா என்னன்னே தெரியாதும்மா. அதுக்குத்தான் இங்க வந்தேன்."

நான் தேங்காய் அரைத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த அம்மியிலேயே அரைத்துத் தொலைக்கலாம் போலிருந்தது. அக்காவிடம் பணம் இருக்கிறது, பெரிய வீடு இருக்கிறது, அவற்றின்மீதெல்லாம் எனக்கு எப்போதுமே பொறாமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒருத்திக்கு ஒன்று தெரியாமல் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான்.

அக்கா குளித்துவிட்டு, ஈரத் தலையோடு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மூவரும் வாழையிலைத் துண்டில் சாப்பிட்டோம். மகள் சட்டியை வழித்தாள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

"நெம்ப நல்லாருக்குது" என்றார் அக்கா மெதுவாக. "என்ற பசங்க ஒருத்தன்கூட நான் வெச்சத இப்பிடித் தின்னதில்ல. கோழியத் தூக்கிட்டு எவங்கிட்டயும் நான் போனதும் இல்ல."

ஜெயித்ததுபோல் இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னும் ஒரு துண்டு எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

"இப்ப என்னோட வந்துரு கண்ணு" என்றேன் மகளிடம், பஸ் நிறுத்தத்தில்.

"விடுதிக்குப் போகச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எப்ப சொல்லுவே?"

பொய் சொன்னால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். சேலம் பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. அவள் என் முந்தானை நுனியைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"குஞ்சுங்க கொஞ்சம் தேறட்டும்மா" என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கெழமை வாரேன்."

வருகிறேன் என்றோ வரேன் என்றோ சொல்லவில்லை. வாரேன். அக்காவின் வாயிலிருந்து எடுத்து அப்படியே என்னிடம் கொடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லோடு சேலம்வரை சண்டை போட்டேன். சேலம் வந்தபோது அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று சனிக்கிழமை. மகள் இப்போதைக்கு வரமாட்டாள் என்று விடுதிக்குத் தகவல் சொல்லியாயிற்று. 'நம்ம பேட்ச்' குழுவில் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து வெளியே வர மனம் இல்லை. மகள் வந்தால் என்ன கேட்கக்கூடாது என்பதை மட்டும் அடுப்படியில் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். எதைக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

சற்று முன்பு போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். அக்கா.

"கண்ணு, நாளைக்கு நானும் வாரேன். புள்ளைய ஒத்தையில பஸ்ஸுல உட எனக்கு மனசு வல்ல."

என் மகளைத் தனியாக விட அவருக்கு மனம் வரவில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாங்க்கா" என்றேன். "பண்ணைக்குத் திரும்பறப்ப குளிச்சுட்டுப் போங்க. கோழி வாங்கி வெக்கறேன்."