ஸ்டேட்டஸ் கோப்பில் ஏறிய எண்

காளவாசலில், பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். என்னோடு வேலை பார்த்தவர், நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ள ஒரு சின்ன புரோகிராம் எழுதிச் சர்வரில் ஓடவிட்டிருந்தார். பேச்சு எதுவும் கோப்பில் பதியாது, மெமரியில்தான் இருக்கும். சர்வரை அணைத்தால் எல்லாம் போச்சு. பிறகு அவர் கனடா போனார். அங்கிருந்தும் உள்ளே வரலாம். கொஞ்ச நாள் வந்தார். அப்புறம் வரவில்லை.

நானும் திறக்கவில்லை. ரோஷம். முதலில் அவர் எழுதட்டுமே! ஆனால் தினமும் காலையில் அதன் ஸ்டேட்டஸ் கோப்பை மட்டும் பார்ப்பேன். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் சிஸ்டம் அப்படி ஒன்று வைத்திருக்கும். இந்த நொடியில் மெமரியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் ஓர் எண்ணாகச் சொல்லும். யாரும் தொடாததை சிஸ்டம் மெல்ல டிஸ்கின் பக்கம் தற்காலிகமாக ஒதுக்கிவிடும். அதை யாராவது படித்தால் திரும்ப மெமரிக்கு வரும். எங்களுடைய எண் இறங்கிக்கொண்டே போனது.

பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அவருக்கு வேண்டாததை நான் மட்டும் கட்டிவைத்து என்ன செய்ய?

அலுவலகத்தைத் திருப்பரங்குன்றம் பக்கம் மாற்றினார்கள். பழைய சர்வரை அணைக்கும் நாளும் வந்தது. கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று பார்த்தால், எண் மளமளவென்று ஏறுகிறது! மறுபடி கேட்டேன். இன்னும் ஏறியிருந்தது. பாஸ்வேர்ட் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். அடி ஆத்தி, அவரேதான்! கனடாவில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கிறார். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. என்னவோ அவர் எதிரே வந்து நிற்கிற மாதிரி, முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டீயோடு வந்தார்.

"என்னத்தா, மொகமெல்லாம் இம்புட்டுச் சிரிப்பு?"

"அண்ணே, இப்ப அணைச்சிராதீக. உள்ள ஆள் இருக்கு."

"ஆளா? ஒரு பயலும் இல்லயே. டிஸ்க்கக் கழட்டணும்ல, அதான் அதுல ஒதுங்கிக் கெடந்ததயெல்லாம் நான்தான் மெமரிக்கு இழுத்துவிட்டேன். எல்லா புரோகிராமும் ஏறியிருக்கும், பாரு."

பார்த்தேன். எல்லாமே ஏறியிருந்தது. இதே பிழைப்பாக இருக்கிறவள், எனக்கு இது தோன்றவில்லையே! என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"நீங்க டீயக் குடிங்கண்ணே. நானே அணைக்கிறேன்" என்றேன்.

அவர் நகர்ந்ததும் புரோகிராமைத் திறந்தேன். பழசைப் படிக்கவில்லை, கண் தெரிந்தால்தானே. "உங்களத்தான் மனசு தேடுது" என்று தட்டினேன். பிறகு ஸ்டேட்டஸ் கோப்பைக் கேட்டேன். எண் அசையவே இல்லை. அதை ஏற்ற அந்த ஒரு வரி போதாது.

சர்வரை அணைத்தேன்.