டாங்கி ஏற்றிய கூட்ஸ் ரயில்

அகதியாக வந்து, பீல் நகரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். மதியச் சமையல் முடிந்தால் பின்னேரம் ஐந்து மணிவரை வேலை இல்லை. அறைக்குப் போனால் அகதி வழக்குக் கதைதான் திரும்பத் திரும்ப ஓடும். அதைக் கேட்கப் பயந்து சைக்கிளில் பக்கத்து ஊர் ஸ்டேசனுக்குப் போய்விடுவேன்.

அங்கே பாழடைந்து கிடந்த எஞ்சின் கொட்டில் ஒன்றை ஊர்ப் பென்சன்காரர்கள் திருத்தி, கதவுகளுக்குப் பச்சை பூசியிருந்தார்கள். கொட்டில் ஓர் ஓரத்திலும் கூட்ஸ் ரயில் மறு ஓரத்திலும் விழுகிற மாதிரி நின்று படம் எடுப்பேன். கமரா, வேலையை விட்டுப் போன இத்தாலிக்காரச் சமையல் கோக்கி தந்தது. ரயிலில் மரக்குற்றி, சீமெந்து, குளிர் தொடங்கும் முன் குவியல் குவியலாய்ச் சீனி காய்ச்சும் கிழங்கு. ரயில் வந்து போகும்வரை மனம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அதற்காகத்தான் எடுத்தேன்.

ஒருநாள் வந்த ரயிலில் டாங்கிகள். தார்ப்பாய்க்கு வெளியே குழாய்களை நீட்டிக்கொண்டு வரிசையாகப் போயின. ஊரில் ஆமி ட்ரக் சத்தத்துக்கே வேலி பாய்ந்தவன் நான். ஓடத்தான் நினைத்தேன். அதற்குள் விரல் அழுத்திவிட்டது.

அடுத்த ரயிலுக்குக் காத்து நிற்கையில் பொலிஸ் கார் வந்தது. ஏன் எடுத்தாய் என்று ஜெர்மனில் கேட்டார்கள். "ஷேன்" என்றேன். வடிவாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அவர்கள் சிரிக்கவில்லை. பிலிமைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அறையில் சேர்ந்திருந்த அகதிகள் எங்களுக்கு மூத்தவர் ஒரு மன்னார் அண்ணை. மனைவியும் பிள்ளைகளும் மண்டபம் அகதி முகாமில். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். நடந்ததைச் சொன்னதும் என்மேல் பாய்ந்தார்.

"உனக்கு விசரோ? இந்த நாட்டு ஆமியைப் படம் எடுத்தனியோ?"

"ரயிலைத்தான் எடுத்தனான், அண்ணை."

"ஆர் நம்புவினம்? நாளைக்கு எங்களையும் சேர்த்தல்லோ பிடிப்பினம்!"

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். வாசல் மணி அடித்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

கடைசியில் பொலிஸ் கூப்பிட்டது. திரும்பி வரமாட்டேன் என்று நினைத்து, உடுப்பெல்லாம் பையில் கட்டி வைத்துவிட்டுப் போனேன். கழுவிய பிலிமை ஓர் உறையில் போட்டுத் தந்தார்கள். டாங்கி இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். இனி ஆமிச் சாமான் எடுக்காதே என்றார்கள். அவ்வளவுதான்.

ஓடிவந்து அண்ணையிடம் சொன்னேன். "ம்" என்றார். அந்தக் கிழமையே வேறு வீட்டுக்கு மாறினார். மற்றவர்களிடம் "போறன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

கொட்டில் பக்கம் ஒருதரம் போனேன். கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கிழவர் கையசைத்து, கமரா எங்கே என்று சைகையில் கேட்டார். பொலிஸுக்குச் சொன்னது இவரோ, வேறு ஆரோ? உடைந்துவிட்டது என்று பொய்யாகக் காட்டினேன். ரயில் வர முன்பே திரும்பிவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து பஸ் தரிப்பில் அண்ணையைக் கண்டேன். பக்கத்தில் மனைவி, பிள்ளைகள். முகத்தைத் திருப்புவாரோ என்று தள்ளி நின்றேன். அவர்தான் மனைவியிடம் சொன்னார்:

"இவர் முந்தி என்ர அறையில இருந்தவர்."

"ஓமோ?" என்று மனைவி சிரித்தார். பஸ் வந்தது. பிள்ளைகளை முன்னால் விட்டு ஏறிப்போனார்கள்.